நான்கு டப்பா, ஒரே ஆள்

முன்பின் தெரியாத ஆண்களிடம் போய், காலையில் எழுந்ததும் வருகிற முதல் சிறுநீரை இந்த டப்பாவில் பிடித்துத் தாருங்கள் என்று நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். எம்.எஸ்ஸி. முடித்த எனக்கு அதுதான் வேலை.

எங்கள் மேடம் நடத்தும் லேபில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி. நோயாளிகளின் சிறுநீரில் உதிரும் செல்களை, நோயில்லாதவர்களுடையதோடு ஒப்பிட வேண்டும். நோயாளிகளின் டப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும். நோயில்லாதவனை யார் பிடிப்பது? நீ இந்தப் பக்கத்து ஆள்தானே என்று மேடம் என்னை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு அனுப்பினார். நான் கருங்குழிக்காரன். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். மேடத்துக்கு எல்லாம் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்.

நான்கு பேர் கிடைத்தார்கள். மூன்று பேர் ஒரே படகு. நான்காமவர் முழங்கால் வலியால் கடலை விட்டுவிட்டு, கரையில் வலை தைப்பவர். மறுநாள் காலை ஐஸ் பெட்டியோடு போனால், வலைக் கொட்டகையில் நான்கு டப்பாவும் மூடி இறுக்கி வரிசையாக நின்றன. இவ்வளவு ஒழுங்கா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே மேடம் கூப்பிட்டார். நான்கிலும் ரத்த அணுக்கள். நான்கிலும் கொத்துக் கொத்தாகக் கோணல் செல்கள், நோயாளிகளிடம் பார்க்கிற அதே தினுசு. டி.என்.ஏ. போட்டுப் பார்த்தால் நான்கும் ஒரே ஆள். நான்தான் ஒரே டப்பாவிலிருந்து நான்கு குழாயிலும் ஊற்றித் தொலைத்தேன் என்று அரைமணி நேரம் திட்டு. நான்கு டப்பாவிலும் மிச்சமிருந்ததைச் சோதித்து, அதுவும் ஒரே ஆள் என்று வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அந்த நான்கு பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கலாம். யாருக்கென்று தெரியாது.

அன்றைக்கே ஓடினேன். படகு கரையில் இருந்தது, நான்கு பேரும் கொட்டகையில். டப்பாவை யார் நிரப்பியது என்று கேட்டதும் மூன்று பேரும் சிரித்தார்கள். வலை தைப்பவர் மட்டும் ஊசியைக் கீழே வைத்தார். படிவத்தில் பீடியே தொட்டதில்லை என்று எழுதச் சொன்னவர். காதில் பீடி இருந்தது.

"நீ காலைலயே வோணும்னுட்ட. இவனுங்க விடியகாட்டியே போட் ஏறிட்டானுங்க. நடுக்கடல்ல டப்பாவ புட்ச்சிகினு குந்துவானுங்களா? நான் சும்மாதான் கீறேன், நாலையும் ரொப்பிட்டேன்."

ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். ஆறு மாதமாக அவ்வப்போது சிவப்பாகப் போகிறதாம். உடம்புச் சூடாம், மோர் குடித்தால் நின்றுவிடுகிறதாம். வலிக்குமா என்றேன்.

"வலியே இல்ல தம்பி. அப்புறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?"

வலியில்லாமல் வருகிற ரத்தத்தைத்தான் உடனே பார்க்க வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். எந்தச் செல், எப்படி மாறும் என்று மணலில் படம்கூட வரைந்தேன். மனிதர் திரும்ப ஊசியை எடுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வலையைக் கடலில் தூக்கிப் போட்டிருப்பேன்.

சிரித்துக்கொண்டிருந்த மூவரும் எப்போது நிறுத்தினார்கள் என்று கவனிக்கவில்லை. அவர்களில் படகுக்குச் சொந்தக்காரர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். லேப் நோட்டில் அந்த டப்பாக்கள் யார் பேரில் இருக்கின்றன? அவரவர் பேரில்தான் எழுதியிருந்தேன் என்றேன். அவர் வலை தைப்பவரின் பக்கம் திரும்பினார்.

"எங்க பேர்ல உன் வியாதி எய்தி கீது மச்சான். ஒயுங்கா போய் உன் பேருக்கு மாத்திகினு வா."

வலை தைப்பவரின் முகம் சுருங்கிவிட்டது. நண்பர்களுக்கு ஒத்தாசை செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று. நோய்க்கு அசையாதவர் இதற்கு அசைந்தார். அவனுங்க பேரை அடித்துவிட முடியாதா என்று மெதுவாகக் கேட்டார். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் முடியும் என்றேன். சுத்தப் பொய். அந்தப் பெயர்களை மேடம் காலையிலேயே அடித்துவிட்டார்.

இன்று காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். பஸ் முழுக்க மோரின் பெருமை. சிறுநீர் வரும் குழாயில் கேமரா விட்டு உள்ளே பார்ப்பார்கள் என்று சொன்ன பிறகுதான் வாய் மூடியது. உள்ளே போகுமுன் நர்ஸ் ஒரு டப்பாவை நீட்டினார். வலை தைப்பவர் அதை வாங்கிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?"

அவர் உள்ளே போய் நாற்பது நிமிடம் ஆகிறது.