கௌரவர் ஒருவர், பொன்னாடை ஒன்று

இன்று காலை வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது!

டில்லி துவாரகாவில் ஒரு குடியிருப்பின் பொங்கல் விழா. "அங்கிள், ஜல்தி ப்ரூஃப் பாத்துக் குடுங்க ப்ளீஸ்" என்று கீழே செயலாளர் அம்மாளின் குறிப்பு.

பாராட்டுப் பெறுபவரின் பெயருக்கு மேலே, இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், ஓர் அதிகாரியின் பெயர். அதற்கு முன்னால் 'கௌரவர்'.

இந்தச் சொல்லை நான் பார்த்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. (மகாபாரதத்துக்கு வெளியே.)

அப்போது எழுபதுகளின் கடைசி. சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு தமிழ் மன்றம் இருந்தது. அதன் அழைப்பிதழ்களைப் பதினோரு வருடம் ஸ்டென்சிலில் கையால் எழுதிக் கொடுத்தவர் திருவேங்கடம் சார். (தமிழ் டைப்ரைட்டர் வாங்க வருடாவருடம் தீர்மானம் நிறைவேறும். தீர்மானம் மட்டும்.)

அவர் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். அமைச்சக அதிகாரி ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவதென்று முடிவாயிற்று. தனக்கான அழைப்பிதழை அவரே எழுதுவது அழகல்லவே! செயலாளர் சுந்தரத்தின் மகள் வித்யா எழுத, அச்சகத்தில் அடித்தோம். வித்யா டில்லியில் பிறந்த பெண்.

'கௌரவர்: ஜாயிண்ட் செகரட்டரி' என்று வந்தது.

"அம்மா, கௌரவர்னா துரியோதனன் கோஷ்டிம்மா!" என்றார் திருவேங்கடம் சார்.

"சேவை செய்யறவர் சேவகர். அப்ப கௌரவம் செய்யறவர் கௌரவர். டீக் ஹை நா, அங்கிள்?"

"அவங்க நூறு பேரும்மா."

"அச்சா! பெரிய ஃபேமிலிதானே!"

அவர் வாதாடவில்லை. இருநூறு அழைப்பிதழ்களையும் வீட்டுக்கு எடுத்துப்போனார். ஒவ்வொன்றிலும் வகரத்துக்கு மேல் ஒரு கொக்கி போட்டு, பக்கத்தில் 'ப்பவ' என்று நுழைத்தார். கௌரவர் இருநூறு முறை கௌரவிப்பவர் ஆனார். ஜாயிண்ட் செகரட்டரியின் மானத்தை ஒரு யூ.டி.சி. குமாஸ்தா காப்பாற்றியது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

விழாவன்று திருவேங்கடம் சாரின் மனைவி பட்டுப்புடவையில் முதல் வரிசையில் இருந்தார். அதற்குமுன் அவர் எந்த விழாவுக்கும் வந்ததில்லை.

அதிகாரி பொன்னாடை போர்த்தினார். கைதட்டல். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அதிகாரி நாற்பது நிமிடம் பேசினார். (தம்மைப் பற்றி.)

பேச்சு முடியும் சமயம் சுந்தரம் என் காதைக் கடித்தார்.

"யோவ், சீஃப் கெஸ்டுக்குப் போர்த்த பொன்னாடை இல்லய்யா. வாங்கினதே ஒண்ணுதான். சார்கிட்டருந்து வாங்கிட்டு வா!"

"போர்த்தினதையா? அவர் சம்சாரம் பாத்துட்டு இருக்காங்க!"

"கௌரவிக்கிறவரைக் கௌரவிக்காம அனுப்பறதா? நாளைக்கு நாம அவர் ஆபீஸ் பக்கம் போகணுமா வேணாமா? ஜல்தி!"

மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. நானும் கமிட்டி மெம்பர்தான்!

மேடையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், சுந்தரத்தைப் பார்த்தார், அதிகாரியின் வெறும் தோளைப் பார்த்தார். தானே பொன்னாடையைக் கழற்றி, நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. (இதுவும் எங்கோ கேட்ட கதைதான்.) கண்ணன் வருவார் என்று எதிர்பார்த்தேன். மிக்சரும் டீயும்தான் வந்தன.

வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவேங்கடம் சார் சட்டைப் பையிலிருந்து தன் அழைப்பிதழை எடுத்தார். பேனாவைத் திறந்தார். தான் போட்ட கொக்கியையும், நுழைத்த 'ப்பவ'வையும் நிதானமாக அடித்தார்.

"அச்சுல இருந்ததே சரிதாம்ப்பா. நான்தான் அவசரப்பட்டுத் திருத்திட்டேன்."

ஆகவே இன்று காலை துவாரகா செயலாளருக்கு இப்படிப் பதில் அனுப்பினேன்:

"பொன்னாடை எத்தனை வாங்கியிருக்கீங்கம்மா? அதைச் சொன்னா, இந்த வார்த்தையைத் திருத்தணுமான்னு சொல்றேன்."

இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை!