குப்புறப் படுத்தவள் சொன்னது

தென்கொரியாவின் பூசான் நகரில், மீன்பிடித் துறைக்குப் பின்தெருவில் இருக்கிற பெண்கள் குளியல் கூடத்தில் அழுக்குத் தேய்த்துவிடுகிற வேலை மல்சுனுக்கு. வெந்நீர்த் தொட்டியில் ஊறி வந்தவளைப் பிளாஸ்டிக் கட்டிலில் படுக்கவைத்து, சொரசொரப்பான துணியைக் கையில் மாட்டிக்கொண்டு கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரு பொட்டு அழுக்கு விடாமல் உருட்டி எடுத்துவிடுவாள். முதுகில் ஒரு தட்டு தட்டினால் திரும்பிப் படு என்று அர்த்தம். அந்தத் தட்டில் கூடமே அதிரும். புருஷன் போன பிறகும் ஒருத்தரிடமும் போய் நிற்காமல் அவள் காலம் தள்ளியது அந்தக் கையை நம்பித்தான்.

அப்பேர்ப்பட்ட கைக்கு என்ன கேடு வந்ததென்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்தியாகப் பக்கத்துக் கட்டில் ஒக்சிம்மிடம் நழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஹெரிம் அம்மாவும் போனாள். மகள் ஹெரிம் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மல்சுன் கட்டிலைத் தவிர வேறு கட்டிலில் முதுகு வைத்தறியாதவள். ஒருநாள் தேய்த்துக்கொண்டு எழுந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அத்தோடு சரி. அவளோடு மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண்கள் பட்டாளமும் அவள் பின்னாலேயே போய்விட்டது.

குளியல் கூடத்து முதலாளியம்மா மல்சுன் எதிரே வந்து நின்று கறாராகச் சொல்லிவிட்டாள். "புத்தாண்டுக் கூட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஹெரிம் அம்மா பட்டாளம் உன் கட்டிலுக்குத் திரும்பி வரணும். இல்லேன்னா கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். ஊரே அழுக்குத் தேச்சுக்க வர்ற நேரத்துல ஒரு கட்டில் சும்மா கெடந்தா எனக்குக் கட்டுப்படியாகுமா, நீயே சொல்லு?"

மல்சுன் என்னதான் செய்யவில்லை! மெல்லிய துணிக்கு மாறினாள். காசு வாங்காமலே முகத்துக்கு வெள்ளரிக்காய் அரைத்துப் பூசிவிட்டாள். குறி சொல்கிறவளிடம் போய்க் கேட்டாள். கட்டிலின் தலைமாட்டைத் திருப்பிப் போடச் சொன்னாள் அந்த மகராசி. திருப்பிப் போட்டதில் மல்சுனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒன்றை மட்டும் அவள் கவனித்து வைத்திருந்தாள். மல்லாந்து படுத்திருக்கும்போது எல்லாரும் நன்றாகத்தான் சிரித்துப் பேசுகிறார்கள். குப்புறப் படுத்து எழுந்தால் மூஞ்சி மாறிவிடுகிறது. அப்படி முதுகில் என்னதான் இருக்கிறது?

எல்லாம் ஒக்சிம் பார்க்கிற வேலைதான் என்று கடைசியில் முடிவு கட்டினாள். ஒக்சிம் முதுகைக் காட்டிக்கொண்டு தன் கட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"என்னடி சொல்லி மயக்குன என் ஆளுகளை?"

குழாய்த் தண்ணீரின் இரைச்சல்தான் வந்தது.

"கேக்கறேன்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

தொட்டிக்குள் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு கப்சிப்பென்று ஆனார்கள். எதற்குச் சிரித்தார்கள், எதற்கு நிறுத்தினார்கள்? மல்சுன் திருதிருவென்று விழித்தாள். ஒக்சிம் குழாயை மூடிவிட்டுத் திரும்பி, ஈரக் கையால் அவள் முகவாயைப் பிடித்தாள்.

"அக்கா, என் மூஞ்சியைப் பாரு. அப்பலேருந்து உனக்குப் பதில் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். தொண்டை கிழியக் கத்துனேன். உனக்குக் காது போயிடுச்சுக்கா."

"இந்த எதிரொலில எவளுக்குடி கேக்கும்?"

"தொட்டில கெடக்கறவளுகளுக்குக் கேட்டுச்சே, அதானே சிரிச்சாளுக! நீ வாயைப் பாத்துப் பாத்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கற. குப்புறப் படுத்தவ வாயை எங்கேருந்து பாப்ப? அவ வலிக்குதும்பா, மெதுவாம்பா, நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டே தேய்ப்ப. திமிரு புடிச்சவன்னு உன்னைப் பேசறாளுக."

மல்சுன் நம்பவில்லை. டிவி சத்தத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரி சுவரை இடிப்பதும், இந்தக் காலத்து மனுஷர்கள் எல்லாம் முணுமுணுப்பதும் வீட்டுக்குப் போகிற வழியில்தான் ஞாபகம் வந்தது. அதுவும் குழப்பத்தைத்தான் கூட்டியது. முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனாள். குரும்பியும் இல்லை, சீழும் இல்லை, காது கேட்கும் கருவிக் கடைக்குப் போங்கள் என்றார் அவர்.

கடைப் பையன் அவளைச் சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னான். கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்ததும், அவளுக்குக் கேட்கிற அளவு பதிவான தாளில் ஒரு கோடு காட்டினான். சரிவில் இறங்கிக்கொண்டே போயிற்று.

"கனத்த சத்தம் கேக்குதும்மா. கீச்சுச் சத்தம்தான் போயிருக்கு. பேச்சுல பாதி எழுத்து அதுலதான் இருக்கு. அதனால யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. இது நேத்து வந்ததில்ல, வருஷக் கணக்கா இருந்திருக்கும்."

"வெளிய தெரியாத மாதிரி ஒண்ணு குடுப்பா. செவிட்டுக் கெழவின்னு பேரெடுத்தா எவ வருவா?"

காதுக்குள் ஒளிந்துகொள்கிற சின்னதை எடுத்துவந்தான். அதன் பேட்டரி பயறு மாதிரி இருந்தது. நாளெல்லாம் தண்ணீரில் ஊறித் தடித்துப்போன விரல்களில் அது நிற்கவேயில்லை. மேஜைக்கடியில் உருண்டு போனதைத் தேடி இரண்டு பேரும் தவழ்ந்தார்கள். பிறகு காதுக்குப் பின்னால் மாட்டுகிறதைக் காட்டினான்.

"இதுக்குப் பேட்டரி மாத்த வேணாம். போன் மாதிரி சார்ஜ் போட்டா போதும். உங்க காதுக்கு வேண்டிய பலமும் இதுல இருக்கு. ஆனா குளிக்கிற எடத்துல போடக் கூடாதும்மா, நீராவில கெட்டுடும்."

"நான் நாள் பூரா நிக்கறதே நீராவிலதானேய்யா! அப்புறம் எந்த எழவுக்கு இது?"

பையன் தலையைச் சொறிந்தான். "உடுப்பு மாத்துற கூடத்துல போட்டுக்கங்க. அவங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே பேச வேண்டியதைப் பேசிடுங்க. கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க, ஒத்துவரலேன்னா திருப்பிக் குடுங்க."

மறுநாள் முடியை இழுத்துவிட்டுக் காதை மறைத்துக்கொண்டு போனாள். பூட்டுச் சாவிகளின் சத்தமும் முடி உலர்த்துகிற மெஷினின் இரைச்சலும் மண்டையைக் குடைந்தன. பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. ஹெரிம் அம்மா பலகையில் தனியாக உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மல்சுன் எதிரே குந்தி உட்கார்ந்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"ஹெரிம் அம்மா, இதைப் பாரு. எனக்குக் காது கேக்காம இருந்திருக்கு. நீ வலிக்குதுன்னு சொன்னது கேக்காமத்தான் அழுத்தித் தேச்சிருப்பேன். மனசுல வச்சுக்காத. என் கட்டிலுக்கு வா."

ஹெரிம் அம்மா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பலேருந்துக்கா?"

"வருஷக் கணக்கா ஆச்சாம்."

"அப்ப அன்னிக்கு நான் சொன்னது?"

"எது?"

"வலிக்குதுன்னு நான் எப்பக்கா சொன்னேன்?" என்றாள், கழற்றின காலுறையை முறுக்கிக்கொண்டே. "ஒருத்தர் மொகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. குப்புறப் படுத்தப்பதான் வாய் வந்துச்சு. உன்கிட்டதான் மொதல்ல சொன்னேன். நீ முதுகுல ஒண்ணு வச்சு, 'திரும்பு, ஹெரிம் கல்யாணச் சாப்பாடு எப்பப் போடப்போற'ன்னு சிரிச்ச."

மல்சுன் கருவி மாட்டிய காதை அவள் பக்கம் சாய்த்தாள். "என்ன சொன்ன? இப்பச் சொல்லு."

"ஹெரிம் செத்துப்போயிட்டாக்கா. இன்சோன் ஊரு ஆஸ்பத்திரில. என் கண்ணுக்கு முன்னாடியே போயிட்டா."

ஒரு எழுத்துகூட விடாமல் காதில் விழுந்தது. மல்சுன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். இத்தனை வருஷமாக வாயில் இருந்தது அந்த ஒரு பேர்தான்.

"இனிமே உன்னை நான் எப்படிடி கூப்பிடறது?" என்றாள், அழுதுகொண்டே.

"அப்படியே கூப்பிடுக்கா. மார்க்கெட்ல யாரும் இப்ப அந்தப் பேரை எடுக்கறதில்ல. 'இந்தாங்க'ன்னு கூப்பிடறாளுக. கேட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"ஹெரிம் அம்மா," என்றாள் மல்சுன். கட்டிலைப் பற்றிக் கேட்கத்தான் வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.