ஊமைப்படத்தில் நின்ற சிப்பாய்

செஞ்சிக் கோட்டையில் எடுத்த ஊமைப்படம் ஒன்றில் தாத்தா சிப்பாய் வேஷம் கட்டினாராம். நைனா, அதாவது என் அப்பா, கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா இறந்துபோய்விட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்தப் படமும் தொலைந்துவிட்டது. தேடித் தேடி அதன் ஸ்டில் ஒன்றை மட்டும் பிடித்து, போனில் நைனாவிடம் காட்டினேன். இருபது சிப்பாய்கள், இருபது மீசைகள்.

“இதுல அவரு யாருடா?”

எனக்கென்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. இருப்பதிலேயே அழகானவரைக் காட்டி, “இவருதான் நைனா. அப்டியே என் ஜாடை” என்றேன்.

நைனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“உன் ஜாடையா? அப்டின்னா ஓரத்துல இருக்கறவருதான்டா. சண்டைல போயி இளிச்சிக்கினு நிக்கிறாரு பாரு!”

இருவரும் சிரித்தோம். பிறகு நைனா போனை முகத்தருகே கொண்டுபோனார். தொண்ணூறு வயதில், முதல்முறையாக, ஒருவரை “நைனா” என்று கூப்பிட்டார்.