ஐந்து வெள்ளைத் துப்பட்டிகள்

சிங்கப்பூரில் எங்கள் பெண்கள் மன்றத்தின் முதல் கூட்டத்தில், பெண்களுக்கு முன் கட்டும் திரைச்சீலையைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசினார்கள். பேசியவர்கள் ஆண்கள். மன்றத்தைத் தொடங்கிவைக்கப் பள்ளிவாசல் கமிட்டியிலிருந்து ஏழு பேர் வந்து முன்வரிசையை நிரப்பியிருந்தார்கள். திரை பச்சையா வெள்ளையா, கம்பியில் தொங்குவதா கயிற்றிலா? நான் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதிப்பவள். அந்த நேரத்தில் ஒரு தட்டு நிறைய மாதிரிகளைப் பார்த்து, எழுதி, சீட்டும் ஒட்டியிருப்பேன்.

பெண்கள் நால்வர் பின்னால் இருந்தோம். என் பட்டியலில் அவசரமான வேலை ஒன்றுதான். குவீன்ஸ்டவுனில் ஒரு பெண்ணின் கணவர் மவுத்தாகி ஐந்து வாரமாகியிருந்தது. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவில் அவள் இருந்தாள். வாடகை வீடு கணவர் பெயரில் இருந்தது. வியாழக்கிழமைக்குள் அவளே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் அவள் பெயருக்கு மாறும், இல்லையென்றால் காலி செய்யவேண்டும் என்று வீட்டு வாரிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மூன்று பிள்ளைகள்.

எழுந்து சொன்னேன். கமிட்டிச் செயலாளர் சிரித்தார். அவள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர் அவர்.

"இத்தாவுல இருக்கிற பொம்பள ஆபீசுக்குப் போறதா? நல்லாருக்கு லா. அடுத்த மாசக் கூட்டத்துல வச்சுப் பேசுவோம் புள்ள."

"வியாழக்கிழம கடைசி நாள், சாச்சா."

"அவசரத்துக்கெல்லாம் மார்க்கத்த வளைக்க முடியுமா?"

இமாமிடம் முன்பே கேட்டிருந்தேன். தேவைக்குப் பகலில் போய், இருட்டுமுன் வீடு திரும்பலாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அதைச் சொன்னதும் செயலாளர், "இமாம் சொல்லுவாரு, முடிவெடுக்கிறது கமிட்டி" என்றார். மறுபடியும் திரைக்குப் போனார்கள். பச்சை என்று முடிவானது. தேநீர் வந்தது, முன்வரிசையோடு தீர்ந்துபோனது. அவள் இத்தாவில் அத்தனை அக்கறை கொண்ட அந்த மனிதர், ஐந்து வாரத்தில் ஒரு பிடி பருப்பைக்கூட மூன்று மாடி ஏறிக் கொடுத்ததில்லை.

போகலாம் என்று இமாம் சொன்னதை நாங்கள் போய்ச் சொன்னபோது அவள் தலையாட்டி மறுத்தாள். "கீழ கடையில அவரு உட்கார்ந்திருப்பாரே. நான் இறங்கினா ஊரெல்லாம் பேசுவாரு. பிள்ளைங்களுக்குப் பொண்ணு மாப்பிள்ளை கிடைக்காது."

தேக்கா சந்தையில் இடியாப்பம் விற்பவள் எங்கள் நால்வரில் மூத்தவள், எல்லாருக்கும் லாத்தா, அதாவது அக்கா. "நாங்க நாலு பேரும் துப்பட்டி போட்டுட்டு வர்றோம். அஞ்சுல நீ எதுன்னு மோந்தா பார்ப்பாரு?" என்றாள்.

முகத்தோடு உடம்பு முழுவதையும் மூடும் அந்த வெள்ளைப் போர்வை எனக்குப் பழக்கமில்லை, இரவல் வாங்கினேன். இறப்புச் சான்றிதழ், வாடகை அட்டை, வந்த கடிதம், பக்கத்து வீட்டில் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். புதன்கிழமை காலை, தலைமுதல் கால்வரை வெள்ளையாக ஐந்து பேர் படி இறங்கினோம்.

செயலாளர் கடையை விட்டு எழுந்து வந்தார். "யாரும்மா அது? மேல் வீட்டுக்காரியும் இருக்காளா?"

லாத்தாதான் வாய் திறந்தாள். "மூடிட்டுப் போற பொம்பளைங்கள இப்படி உத்துப் பார்க்கலாமா அண்ணே? அதையும் அடுத்த மாசம் கூட்டத்துல வச்சுப் பேசுங்க."

கடையில் மூட்டை தூக்குபவர்கள் சிரித்துவிட்டார்கள். செயலாளர் தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

அலுவலகத்தில் எழுத்தர், "எந்தம்மா கையெழுத்துப் போடணும்?" என்றார். ஐந்து துப்பட்டிகளிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மாலை அஸர் தொழுகைக்கு முன் வீட்டில் இருந்தோம்.

பச்சைத் திரைக்குப் பின்னால் நாங்கள் மறுபடி உட்காரவே இல்லை. மன்றத்தை அவள் வீட்டுக்கு மாற்றினோம். அவளால் வெளியே வரமுடியாது, எங்களால் அங்கே போகமுடியும். குர்ஆனில் யாசீன் ஓதுவோம், பிறகு யாருக்கு என்ன தேவையென்று நான் எழுதிக்கொள்வேன்.

கமிட்டி சொன்னபடியே மறுமாதம் கூடி, அவள் அலுவலகத்துக்குப் போகக்கூடாது என்று தீர்மானித்துக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் பெயருக்கு மாறிவிட்ட வீட்டில் மீதி இத்தாவைக் கழித்துக்கொண்டிருந்தவள், அதை வாங்கி நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள்.