சின்னவள் எதற்காக ஓடுகிறாள்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் கூப்பிடுவது சின்னவளைத்தான். அவள் என் சித்தி மகள். யாருக்காவது ஷிஃப்ட் மாற்ற வேண்டுமா, சின்னவள். உலர்த்தும் மெஷினில் அடைத்த பஞ்சை எடுக்க வேண்டுமா, அதற்கும் சின்னவள். இடுப்பு ஒடிய ஓடிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் பதினோரு வருஷமாக அங்கேதான் மாடாய் உழைக்கிறேன். என்னை ஒரு நாய்கூடச் சீந்தியதில்லை.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. எதிரெதிரே நின்று உதறி, மடித்து, நெருங்கி வந்து நம் முனைகளை எதிராளி கையில் கொடுக்க வேண்டும். என் ஜோடி அவள்தான். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அந்த முகத்தை அரையடி தூரத்தில் பார்க்கிறவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும், சொல்லுங்கள்.

பிரிவின் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி எனக்கா அவளுக்கா என்று பேச்சு கிளம்பியது. எனக்கு அது வேண்டும். ஒரு தடவையாவது அவளுக்கு முன்னால் என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆளைத் தேர்ந்தெடுக்க மேலிடம் ஒரு பயிற்சி அதிகாரியை அனுப்பியது. மனிதர்களில் ஒன்பது ரகமாம். கேள்வித்தாள் கொடுத்து, எங்கள் விடைகளைத் திருத்திவிட்டு என்னைப் 'போட்டியாளர்' என்றார், அவளைத் 'தாங்குபவர்' என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், அவளுக்கு. போட்டியாளருக்கு யார் தட்டுவார்கள்?

பிறகு ஜோடி ஜோடியாக ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதச் சொன்னார். கடைசிக் கேள்வி, இவர் இப்படி நடந்துகொள்வதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. அந்தக் கூடத்தில் சின்னவளைப் பற்றி அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சித்தி இறந்தபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு எட்டு. அம்மா அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து தன் பக்கத்தில், நான் படுக்கும் இடத்தில், படுக்க வைத்தாள். நான்காம் நாள் நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"இவளை எப்பம்மா அனுப்புவ?"

அம்மா என் வாயில் ஒன்று போட்டாள். திரும்பினால் கதவோரம் சின்னவள் நிற்கிறாள். மறுநாள் காலையில் நாங்கள் எழுந்தபோது, விலகிக் கிடந்த போர்வைகளை எல்லாம் மடித்து அடுக்கி வைத்திருந்தாள். அன்றைக்குத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை.

எழுதினேன். 'தன்னை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதனால் யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டாள்.' ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அந்தப் பயத்தைக் கொடுத்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை.

முடியாது என்று சொல்லத் தெரியாதவர் ஆட்களை மேய்க்க முடியாது என்று அதிகாரி முடிவு செய்தார். நாற்காலி எனக்கு வந்தது.

அன்று சாயங்காலம் மேஜையில் அடுத்த வாரப் பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தேன். யாரை எங்கே அனுப்புவது என்பது இனி என் கையில். சின்னவள் வந்து வாழ்த்தினாள். மனசாரத்தான் வாழ்த்தினாள், அதுவும் எனக்கு எரிந்தது. என்னைப் பற்றி என்ன எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"அக்காவுக்குக் கோவம் வரும், ஆனா யாரையும் விரட்டத் தெரியாதுன்னு எழுதினேன்."

சொன்னவள் போகவில்லை. பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதே சிரிப்புதான்.

"என்னை வேற பிரிவுக்கு அனுப்பிடுவியாக்கா?"

அரையடியில் முந்நூறு தடவை பார்த்த சிரிப்பு. அது பயம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தவளே நான்தான். கண்ணால் பார்த்தது அப்போதுதான். எழுந்து போய், மடித்து அடுக்கியிருந்த விரிப்புகளில் ஒன்றை உருவி, உதறிப் பிரித்தேன்.

"அந்தப் பக்கத்தைப் பிடிடி," என்றேன்.

அதற்கும் அவள் ஓடித்தான் வந்தாள்.