சம்பவம் நடந்த தேதி

ஆம்புலன்ஸ் ஷெட்டில் வண்டி கழுவும் ‘பைப்பு’ அண்ணனுக்குப் புத்தி பிசகிப் போனதற்குக் காரணம், கழுவும்போது உள்ளே கிடந்த பிணம் எழுந்து உட்கார்ந்ததுதான் என்று எங்கள் பக்கம் பேச்சு. உட்கார்ந்ததோடு விடாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டதாம். அந்தக் கை மட்டும் நான் சேர்த்துவிட்ட சரக்கு. ஷெட்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவனுக்குப் பொழுது போக வேண்டாமா?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இதில் என் கைவரிசை இல்லை.

எந்நேரமும் தண்ணீர்க் குழாயும் கையுமாக நிற்பதால் அவர் பைப்பு. பதினாறு வருஷ வேலை. ஆளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வண்டி இங்கே வரும். பின்கதவைத் திறப்பார், பினாயில் ஊற்றுவார், தேய்ப்பார். விபத்தையும் பார்த்ததில்லை, அடிபட்டவரையும் பார்த்ததில்லை. மிச்சத்தைத்தான் பார்ப்பார். ரத்தம், உடைந்த வளையல், பாதி கடித்த பிஸ்கட். அடிக்கடி ஸ்ட்ரெச்சருக்கு அடியில் ஒற்றைச் செருப்பு. அதைக் கழுவித் தகரப் பெட்டியில் போடுவார். ஒற்றைச் செருப்பைக் கேட்டு யார் வருவார்கள்? அந்த ஆள் பிழைத்தாரா, போய்ச் சேர்ந்தாரா என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும்.

போன வருஷம் தூக்கம் போனது. என் கடைக்கு வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். "ரெண்டும் போட்டிருக்கியா?" என்பார். வீட்டு வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பார். உள்ளே போவார், தண்ணீர் குடிப்பார், திரும்ப வந்து பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய மச்சான் வந்திருந்தார். வாசலில் வந்தவருடைய செருப்பு ஒன்றுதான் கிடந்தது. இன்னொன்று கதவுக்குப் பின்னால் போயிருக்கிறது. பைப்பு "மாப்ள! மாப்ள!" என்று கத்திக்கொண்டு லுங்கியோடு இரண்டு தெரு ஓடினார். வந்தவரோ குளியலறையில் தலையில் சோப்போடு நின்று, "இங்கதான் மச்சான் இருக்கேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தெருவே சிரித்தது. நானும்தான். அவர் மனைவி சிரிக்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனார்.

டாக்டர் சொன்னாராம்: "ஒரே நாள்ல இடி விழுந்தாத்தான் வரும்னு இல்லைங்க. தினம் கொஞ்சமா சேந்தும் வரும். மொதல்ல அந்தக் குழாய கீழ வைங்க." வேறு வேலை கொடுக்கச் சொல்லிச் சீட்டும் எழுதிவிட்டார்.

கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலை காலியாகத்தான் இருந்தது. ஆனால் வேலை மாற்றக் கேட்கும் ஆபீஸ் படிவத்தில் இரண்டு கட்டம்: சம்பவம் நடந்த தேதி, நடந்த விதம். கிளார்க் பேனாவைத் திறந்தார். பைப்பு ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"என்னிக்குண்ணே?"

"ஒரு நாள்னு இல்லப்பா."

"தேதி இல்லாம மேல அனுப்பினா திருப்பிடுவாங்க. அந்தப் பொணம் எந்திரிச்ச கதையவே எழுதிருவோம். ஊருக்கே தெரியும், சாட்சிக்கும் பஞ்சமில்ல."

பைக்கில் கூட்டி வந்த பாவத்துக்கு, அவர் மனைவியோடு நானும் அங்கே நின்றிருந்தேன். கிளார்க் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"பொய்யோ மெய்யோ, எழுதித் தொலைங்களேன்," என்றார் மனைவி. "இன்னும் ஒரு வருஷம் அந்தக் குழாயப் புடிச்சா நீங்க எனக்கு மிஞ்ச மாட்டீங்க."

பைப்பு நின்றார். "நான் வேலைக்குச் சேந்த தேதி அங்க இருக்குல்ல? அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்னு போடு."

"கட்டம் சின்னதுண்ணே."

"பேப்பர் ஒட்டு."

கிளார்க் என்ன நினைத்தாரோ, பசையை எடுத்தார். டாக்டர் சீட்டையும் சேர்த்துக் குத்தி அனுப்பினார். இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டு தடவையும் பைப்பு அதே தேதியைத்தான் சொன்னார். மூன்றாம் தடவை கையெழுத்து விழுந்தது.

இப்போது கேட்டில் அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டேதான் எழுதுகிறார். வருகிறவர் காலை இன்னும் பார்க்கிறார்.

நேற்று புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டார்: "அண்ணே, பொணம் கையப் புடிச்சிச்சாமே, நிஜமா?"

பைப்பு நம்பரை எழுதி முடித்தார். பிறகு எதிரே என் கடை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"பொணமும் புடிக்கல, ஒரு மண்ணும் புடிக்கல. பதினாறு வருஷத்துல ஒரு பொணத்தக்கூட நான் பாத்ததில்ல. செருப்புதான் பாத்தேன். வண்டிய எடு."