மூன்று மாத ஸ்லிப்

போன மாதம் எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரு கூட்டம் போட்டார்கள். குடும்ப வரவு செலவை எப்படித் திட்டமிடுவது என்று சொல்லிக்கொடுக்க சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சட்டையை இன் பண்ணி, கழுத்தில் அட்டை தொங்க, திரையில் வட்டம் வட்டமாகப் படம் காட்டினார். இதில் செலவு, இதில் சேமிப்பு, அவசரத்துக்கு ஆறு மாதச் சம்பளம் தனியாக. ஆறு மாதச் சம்பளத்தைத் தனியாக எடுத்துவைக்க முடிந்தவன் எதற்கு ஒரகடத்தில் நின்று பிரேக் டிரம் மாட்டப்போகிறான்? "பத்து வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவன், "பி ஷிஃப்ட்ல" என்றான். கேன்டீனே சிரித்தது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குரல் யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

அவனும் நானும் ஒரே நாளில் டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள். அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான். பதினோரு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவன் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை என் டப்பாவில் ஊற்றிவிட்டு, என் வீட்டுச் சாம்பாரைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவான். இப்போது அவன் கேன்டீனில் அந்தக் கோடியில் உட்காருகிறான், நான் இந்தக் கோடியில்.

எங்கள் சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சும்மா எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால் வாடகை, பால், ஸ்கூல் ஃபீஸ் என்று போய்விடும். அதற்கு மேல் எதுவும் வேண்டுமென்றால் ஷிஃப்ட் முடிந்தும் நின்றோ, ஞாயிற்றுக்கிழமை வந்தோ ஓ.டி. பார்க்கவேண்டும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். லைனில் பதினோரு பேர் இருந்தோம். யாருக்கு எந்த நாள் என்று சூப்பர்வைசர் ஒரு ஷீட் போட்டு போர்டில் ஒட்டுவார்.

வீட்டுக் கடன் கொடுக்கிறவன் மூன்று மாதச் சம்பள ஸ்லிப் கேட்பான். அந்த ஸ்லிப்பில் இருக்கிற தொகையைப் பார்த்துத்தான் எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்வான். அதனால் எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. எவனாவது இடம் வாங்கவோ வீடு கட்டவோ இறங்கினால், மற்ற பத்துப் பேரும் மூன்று மாதத்துக்குத் தங்கள் ஓ.டி.யை அவனுக்கு விட்டுக்கொடுப்பார்கள். ஸ்லிப் ஏத்துறது என்று அதற்குப் பெயர். ஒரு ஹெச்.ஆருக்கும் தெரியாது. யாரும் எழுதிவைத்ததில்லை. கல்யாணத்துக்கு மொய் வைப்பதைப்போல, நாளைக்கு உனக்கு, இன்றைக்கு எனக்கு.

என் முறை வந்தபோது மூன்று மாதம் வீட்டுக்கு வந்ததே தூங்கத்தான். கால் வீங்கிப்போனது. ஸ்லிப் மட்டும் பெரிய ஆபீசர் ஸ்லிப்பைப்போல இருந்தது. ஏஜெண்ட் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வருதா சார்? அப்ப இன்னும் கொஞ்சம் சேத்தே வாங்கிக்கலாமே" என்றான். என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. சேர்த்தே வாங்கினேன். மண்ணூரில் இடம் வாங்கி, முன்னால் எங்களுக்கு, பின்னால் வாடகைக்கு என்று இரண்டு போர்ஷன் கட்டினேன். கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் என் மச்சான்தான். மாதா மாதம் ஏழாம் தேதி டியூ என்று ஏஜெண்ட் சொன்னபோது, "தோனி ஜெர்சி நம்பரு, மறக்காது மச்சான்" என்று சிரித்தான்.

அந்த மூன்று மாதத்தில் அவன் மனைவிக்குப் பிரசவம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவள் செயினை அடகு வைத்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யைத் திருப்பிக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரகப்பிரவேசத்தன்று என் மனைவிதான் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பால் பொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன்.

மூன்று மாதம் முடிந்தது. ஸ்லிப் இளைத்துப் பழையபடி ஆனது. டியூ மட்டும் அந்தக் கொழுத்த ஸ்லிப்புக்குப் போட்ட டியூ. இருபது வருஷத்துக்கு. இந்தக் கணக்கு எனக்கு முதலில் தெரியாதா? தெரியும். எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்தப் பக்கம் வீடு கட்டின முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்தோம்.

மூன்று வருஷம் கிடைத்த ஓ.டி.யை வைத்து ஓட்டினேன். அப்புறம் ஆர்டர் குறைந்தது. ஓ.டி. குறைந்து குறைந்து கடைசியில் ஷிஃப்டுக்கு ஒரே ஆள் என்று வந்து நின்றது. வீடு கட்டினவன், பாவம் என்று லைனில் எல்லோரும் அந்த ஒன்றையும் எனக்கே விட்டிருந்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அவன் முறை வந்தது. வடக்குப்பட்டில் ஒரு சின்ன மனை. பெண் பிறந்ததிலிருந்து சேர்த்த காசை எல்லாம் போட்டு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் எழுதிவிட்டான். நாலு மாதத்துக்குள் கடன் வாங்கிப் பத்திரம் பதியாவிட்டால் அட்வான்ஸ் போய்விடும். டீ பிரேக்கில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "எல்லாரும் சரின்ட்டாங்க மச்சான். நீ விட்டாத்தான் உண்டு. மூணே மாசம்" என்றான். கேட்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடன் பட்டவன் நான், கூச்சப்பட்டது அவன். "இன்னா மச்சான் இப்டி கேக்குற, எடுத்துக்கோ" என்றேன்.

முதல் மாதம் விட்டுக்கொடுத்தேன். இரண்டாம் மாதம் ஏழாம் தேதி டியூ பவுன்ஸ் ஆனது. அடுத்த நாளே ஒரு பெண் போன் செய்து, கட்ட வக்கில்லாதவன் எதற்கு வாங்குகிறாய் என்கிற தோரணையில் பேசினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் வந்து கத்தினேன். மனைவி கத்தவில்லை. கழுத்துச் செயினைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அன்னிக்கு நமக்காவ அந்தண்ணன் வச்சாரு இல்ல? இன்னிக்கு நீங்க வைங்க" என்றாள்.

நான் வைக்கவில்லை. இருக்கிறதே இது ஒன்றுதான், ஆத்திர அவசரத்துக்கு வேண்டும் என்றேன். நன்றாகத்தான் இருந்தது சொல்வதற்கு. குடும்பத்தின் எதிர்காலத்தை யோசிக்கிற பொறுப்பான ஆம்பிளை. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. இதைவிடப் பெரிய அவசரம் எது வரப்போகிறது என்று காத்திருந்தேன்?

மறுநாள் சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்து, என் பெயரையே போடுங்கள் என்று கெஞ்சினேன். போட்டுவிட்டார். போர்டில் ஷீட்டைப் பார்த்துவிட்டு அவன் என்னிடம் வந்தான். நீ சொன்னாயா என்று கேட்டான். அவராகப் போட்டுவிட்டார், நான் என்ன செய்ய என்று சொன்னேன். அவன் நம்பினான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நம்பி, பரவாயில்லை என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

ஒரு வாரத்தில் சூப்பர்வைசர் கேன்டீனில் எல்லோர் எதிரிலும், "நீதானப்பா வந்து கெஞ்சுன" என்று போட்டு உடைத்தார். என் மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனான். அவனுக்குக் கிடைத்த கடன் மனைக்குப் போதவில்லை. நாலு மாதம் முடிந்தது. அட்வான்ஸ் போனது. அந்த மனையை வேறு யாரோ வாங்கி காம்பவுண்டு எழுப்பியிருக்கிறார்கள். வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகிற நாட்களில் அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

இத்தனை செய்து நான் சாதித்தது என்ன? அடுத்த நாலாவது மாதம் ஓ.டி.யே அடியோடு நின்றுவிட்டது. இரண்டு டியூ பாக்கி. பின்போர்ஷனில் குடியிருந்தவர்களும் அந்த நேரம் பார்த்துக் காலி செய்தார்கள். வீடு வாடகைக்கு என்று கேட்டில் அட்டை மாட்டினேன்.

மூன்று வாரம் யாரும் வரவில்லை. நாலாவது வாரம் ஒரு ஞாயிறு காலையில் அவன் வந்தான், மனைவியோடும் பெண்ணோடும். அவன் குடியிருந்த வீட்டுக்காரர், குடும்பத்துக்கு விடுவதைவிட ஆளுக்கு இவ்வளவு என்று பத்துப் பையன்களுக்கு விட்டால் லாபம் என்று காலி செய்யச் சொல்லிவிட்டாராம். பெண்ணின் ஸ்கூல் எங்கள் தெருமுனையில். வேறு எங்கும் கட்டுப்படியாகவில்லை. வாசலிலேயே நின்று வாடகை எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டான். என் மனைவி உள்ளேயிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பத்து மாதம் என்று சொன்னேன். பேரம் பேசாமல் அந்த வாரமே கொடுத்தான். பாக்கி டியூ இரண்டும் அதில் அடைந்தது. செயின் என் மனைவி கழுத்தில்தான் இருக்கிறது. அவன் மனைவி கழுத்தில் இன்றுவரை மஞ்சள் கயிறுதான்.

வந்த நாள் முதல் அவன் என்னை மச்சான் என்று கூப்பிடுவதில்லை. ஓனர் என்கிறான். குத்தலாகச் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வேன். சாதாரணமாகச் சொல்கிறான், எல்லாக் குடித்தனக்காரர்களும் சொல்வதைப்போல. அவன் விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளால் எழும்பிய சுவரில் ஆணி அடிக்கக்கூட என்னிடம் வந்து கேட்டுக்கொண்டுதான் அடிக்கிறான்.

முன்பு குடியிருந்தவர்கள் வாடகையைப் பத்தாம் தேதிதான் தருவார்கள். அவன் ஐந்தாம் தேதியே போனில் போட்டுவிடுவான். கூட்டம் நடந்த மறுநாளும் அப்படித்தான். ஷிஃப்ட் முடிந்து வந்தவன், பைக்கை நிறுத்திவிட்டு என் வாசலில் நின்றான்.

"வாடகை போட்டுக்கீறேன் ஓனர். வந்துச்சா பாருங்க" என்றான்.

போனைப் பார்த்தேன். வந்திருந்தது. இத்தனை சீக்கிரம் எதற்கு, மெதுவாகக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"ஏழாந்தேதி உங்களுக்கு டியூ கீது இல்ல?" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.